தேர்வுக் கட்டணம்

2025 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, வெள்ளிமலைக்கு மேலே உள்ள ஒரு சிற்றூர்க்காரர் வங்கியில் என் மேஜை முன்னால் வந்து நின்று ஒரு 500 ரூபாய் நோட்டையும் ஒரு துண்டு நோட்டீஸையும் நீட்டினார். நோட்டீஸில் இருந்த போன் நம்பருக்கு அந்தப் பணம் போய்ச் சேரவேண்டும். அவரிடம் இருந்தது பேச மட்டும் பயன்படும் பழைய பட்டன் போன். இது எங்கள் வேலையில் சேராது என்று சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமைகளில் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதற்குள் நோட்டீஸைப் படித்துவிட்டேன். என் சொந்த போனிலிருந்து பணத்தை அனுப்பிவிட்டு, அவருடைய நோட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இந்தச் சிறு உபகாரத்தினால் பின்னால் அவருக்குப் போகவேண்டிய தகவல்கள் எல்லாம் எனக்கு வந்தன.

நோட்டீஸ் பெண்கள் கபடி அணித் தேர்வு பற்றியது. வயது 14 முதல் 19. ஏ அணி, பி அணி, சி அணி என்று மூன்று. தேர்வில் கலந்துகொள்ளக் கட்டணம் 500. எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்பது கடைசி வரியில், பொடி எழுத்தில். நடத்துகிறவர்கள் யார் என்பது இங்கே அவசியம் இல்லை. அவர்களைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

‘கண்ணகி நகர்ப் பொண்ணு ஜெயிச்சுட்டு வந்துச்சுல்ல சார், அதுலேருந்து எம்பொண்ணு தூங்கமாட்டேங்குது’ என்றார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அந்த அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா இருந்தாள். நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த இடத்திலிருந்து ஒரு பெண் போய் வந்த செய்தி, மலைமேல் இருக்கும் ஒரு வீட்டில் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. எந்த இலக்கியமும் அண்மையில் இவ்வளவு செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

கல்வராயன் மலையில் இருக்கிறவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். நான் அவரைக் கவுண்டரே என்றுதான் கூப்பிடுகிறேன். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து இவர்கள் ஜாகீரிலிருந்து விடுபட்டார்கள். 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. புது மாவட்டம் என்றால் கலெக்டர் ஆபீஸும் எஸ்.பி. ஆபீஸும் மட்டும் இல்லை. மாவட்ட அணி என்று ஒன்று, அதில் 12 இடங்கள், அந்த 12-ஐ நம்பிப் பயிற்சி தருகிறவர்கள், பயிற்சி தருகிறவர்களை நம்பித் துணி தைக்கிறவர்கள் என்று பலதும் கூடவே வந்துவிடுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளி அணியின் 12 பேரில் நானும் ஒருவன். களத்தில் இறங்குகிறவர்கள் 7 பேர். மீதி 5 பேரில் நான் ஐந்தாவது. வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவனுக்கு மற்றவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்று பார்ப்பதில் ஒரு நிரந்தரமான ஆர்வம் ஏற்பட்டுவிடுகிறது. நான் விமர்சகனானதற்குக்கூட இதுவே காரணமாக இருக்கலாம்.

சுண்ணாம்புத் தூளில் கோடு போட்ட மைதானம். ஒரு எடை மிஷின். துணிப் பந்தலுக்குக் கீழே மூன்று நாற்காலிகள். முதுகில் நம்பர் ஒட்டப்பட்ட பெண்கள் 132 பேர். ஒவ்வொருத்தியும் ஒரு தரம் எதிர்ப் பக்கம் பாடிப் போய் வரவேண்டும். இன்றைய விதிப்படி ஒரு பாடலுக்கு 30 விநாடி. வங்கிக்காரன் புத்தி சும்மா இருக்காது. 132 பேரிடம் 500 வீதம் 66,000 ரூபாய். 132 பேருக்கு அரை நிமிஷம் வீதம் 66 நிமிஷம். ஆக நிமிஷத்துக்கு ஆயிரம் ரூபாய். இந்த 66 நிமிஷத்திலும் நாற்காலிக்காரர்கள் டீ குடித்தார்கள், போன் பேசினார்கள், வந்த ஒரு பிரமுகருக்கு எழுந்து நின்றார்கள்.

கவுண்டருடைய பெண் நம்பர் 87. பாடிப் போனாள், ஒருத்தரையும் தொடாமல் திரும்பி வந்தாள். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற அவர், ‘இவ பாடறவ இல்ல சார். பிடிக்கிறவ. இடது கார்னர்’ என்றார்.

இங்கே கபடி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாடிப் போகிறவளின் திறமை அரை நிமிஷத்தில் ஓரளவு தெரிந்துவிடும். பிடிக்கிறவளின் திறமை தெரியாது. கோடியில் நிற்கிற கார்னருக்கு முக்கால் வேலை காத்திருப்பது. எதிரி போனஸ் கோட்டுக்காகக் காலை நீட்டுகிற வரைக்கும், அல்லது திரும்பிப் போக உடம்பைத் திருப்புகிற வரைக்கும், அவள் ஒன்றும் செய்யாதவள் போல நிற்கவேண்டும். அந்த ஒரு கணத்தில் கணுக்காலுக்குப் போகவேண்டும். ஒரு கணம் முன்னால் போனால் எதிரி தொட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒரு கணம் பிந்தினால் கால் இருக்காது. கையைக் கோத்து நிற்கிற பக்கத்து ஆள் சங்கிலியை விடாமல் இருக்கவேண்டும். ஆக, கார்னரைப் பார்க்கவேண்டுமானால் மற்ற ஆறு பேரோடு சேர்த்து, ஒரு பாதி ஆட்டமாவது பார்க்கவேண்டும். 132 பேரையும் தனித்தனியாகப் பாடவிடுவது சுலபம். பிடிக்கிறவர்களைப் பார்ப்பது சிரமம். அன்று சுலபமானது நடந்தது.

சாயங்காலம் என் போனுக்குச் செய்தி வந்தது. உங்கள் வீராங்கனை சி அணிக்குத் தேர்வு பெற்றிருக்கிறார், வாழ்த்துக்கள். மாதப் பயிற்சிக் கட்டணம் 1,200. சீருடைக்கு 1,800 தனி. பத்து நாளுக்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும்.

அடுத்த திங்கட்கிழமை கவுண்டர் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘பாத்தாங்களா சார்?’ என்று கேட்டார்.

‘அதான் தேர்வாயிட்டாளே, கவுண்டரே.’

‘தேர்வானது சரி. பாப்பாவைப் பாத்தாங்களா? சந்தையில ஆடு வாங்கறவன்கூடப் பல்லைப் பிடிச்சுப் பாக்கறான்.’

எனக்குப் பதில் இல்லை. நான் அங்கேயே இருந்தவன். பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் டாலஸ் பக்கத்தில் இருக்கும் என் கல்லூரி நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். அவன் பெண் இரண்டு வருஷமாக ஆல் ஸ்டார் சியர்லீடிங் என்ற ஒன்றில் இருக்கிறாள். 2008-ல் ஐ.பி.எல். வந்தபோது எல்லைக் கோட்டுக்கு வெளியே ஆடிய பெண்களைத்தான் நாம் இந்தப் பெயரில் அறிவோம். இது வேறு. இவர்கள் எந்த அணியையும் உற்சாகப்படுத்தப் போவதில்லை. இவர்களே அணி, இவர்களுக்கே போட்டி. கரணம் போடுவது, ஒருத்தியை மற்றவர்கள் தூக்கி நிறுத்துவது, தூக்கி எறிந்து பிடிப்பது எல்லாம் சேர்ந்து இரண்டரை நிமிஷம். பள்ளிக்கூடங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. தனியார் ஜிம்கள் நடத்துகின்றன. வருஷா வருஷம் கோடை தொடங்குகிற சமயம் தேர்வு. தேர்வுக்குக் கட்டணம். பிறகு வயதையும் வித்தையையும் பார்த்து 1 முதல் 7 வரை உள்ள ஏதாவது ஒரு படியில் ஒரு அணியில் போடுவார்கள். அதன் பிறகு மாதக் கட்டணம், உடுப்பு, போட்டிக் கட்டணம், பிரயாணம்.

‘தேறாதவர்களை என்ன செய்வார்கள்?’ என்று கேட்டேன்.

‘தேறாதவர்கள் என்று அநேகமாக யாரும் கிடையாது. பணம் கட்டுகிற பிள்ளையை யாராவது திருப்பி அனுப்புவார்களா? எல்லாருக்கும் ஏதாவது ஒரு அணி உண்டு. எந்த அணி என்பதில்தான் அழுகை’ என்றான். அவன் பெண் கீழே நின்று தாங்குகிறவள். தேர்வு நாளன்று எல்லோர் கண்ணும் மேலே நிற்கிறவள் மேல்தான் இருந்தது என்று அவள் காரில் வரும்போது சொன்னாளாம். டாலஸிலும் ஒரு இடது கார்னர் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தொழிலில் போட்டிகள், உடுப்பு, முகாம் என்று பெரும்பாகத்தையும் கையில் வைத்திருக்கும் வார்சிட்டி என்ற கம்பெனி மேல் ஏகபோகத்தினால் விலை ஏறிவிட்டது என்று வழக்குகள் வந்தன. 2023-ல் ஒரு வழக்கில் 4 கோடியே 35 லட்சம் டாலர், 2024-ல் இன்னொன்றில் 8 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். விலை அதிகம் என்று வழக்குப் போட வழி இருக்கிறது. என் பெண்ணைப் பார்க்காமலே படியில் வைத்துவிட்டார்கள் என்று போட ஒரு கோர்ட்டும் இல்லை.

ஒரே ஒரு தடவை அப்படி ஒரு கோர்ட் கிடைத்தது. அது இந்தக் கபடியில்தான். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு இந்திய அணி தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பணம் வாங்கிக்கொண்டு ஆள் எடுத்தார்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். இது மனுவில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. அதற்கு மேல் அதை நான் கொண்டுபோகவில்லை. நீதிமன்றம் செய்த காரியம்தான் விசேஷம். அணி போகட்டும் என்று விட்டது. திரும்பி வந்த பிறகு, செப்டம்பர் 15-ஆம் தேதி, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.பி. கார்க் முன்னிலையில் தேர்வானவர்களும் விடுபட்டவர்களும் ஆடிக் காட்டவேண்டும் என்று உத்தரவிட்டது. இடையில் ஜகார்த்தாவில், 1990-லிருந்து ஏழு ஆசியப் போட்டிகளில் தொடர்ந்து தங்கம் வாங்கியிருந்த ஆண்கள் அணி அரை இறுதியில் ஈரானிடம் தோற்றது. பெண்கள் அணி இறுதியில் அதே ஈரானிடம் தோற்றது. செப்டம்பர் 15 வந்தது. விடுபட்டவர்கள் டெல்லியில் மைதானத்துக்கு வந்து காத்திருந்தார்கள். ஆசியப் போட்டிக்குப் போன அணி வரவில்லை.

இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்த்ததுண்டு. விடுபட்டவர்களுக்குப் பதக்கம் இனி இல்லை. ஆசியப் போட்டி முடிந்துவிட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும் லாபம் இல்லாத ஒரு ஆட்டத்துக்கு உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் உட்கார்ந்து பார்க்கப்போகிறார் என்ற ஒரே காரணத்துக்காக.

தமிழில் பரீட்சைக்கும் தேர்வு என்கிறோம். பொறுக்கி எடுப்பதற்கும் தேர்வு என்கிறோம். முதலாவது எழுதுகிறவனின் காரியம், இரண்டாவது எடுக்கிறவனின் காரியம். ஒரே சொல் இரண்டுக்கும் வந்து சேர்ந்ததில் ஒரு வசதி ஏற்பட்டிருக்கிறது. தேர்வு நடந்தது என்று சொல்லும்போது எழுதுகிறவன் தன் பங்கைச் செய்தான் என்பதே போதுமானதாகிவிடுகிறது. மற்றவன் தன் பங்கைச் செய்தானா என்று கேட்கச் சொல்லே இல்லை. திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆளைப் பொறுக்குவது எப்படி என்று அதில் சொல்வதெல்லாம் எடுக்கிறவனுக்குத்தான். வந்து நிற்கிறவன் என்ன கட்டவேண்டும் என்பது அந்த அதிகாரத்தின் விஷயம் இல்லை.

கட்டணமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மைதானத்துக்குச் செலவு உண்டு, சுண்ணாம்புக்குச் செலவு உண்டு. வங்கி குமாஸ்தா வேலைக்கு நான் மூன்று முறை பணம் கட்டிப் பரீட்சை எழுதினேன். பொதுப் பிரிவினருக்கு அது இப்போது 850 ரூபாய். போனது போனதுதான். ரயில்வே தேர்வு வாரியம் 2018-லிருந்து வேறு மாதிரிச் செய்கிறது. 500 ரூபாய் வாங்குகிறது. முதல் கட்டப் பரீட்சைக்கு வந்து எழுதினால் 400 ரூபாயைத் திருப்பிவிடுகிறது. பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் முதலானவர்களுக்கும் கட்டணம் 250; எழுத வந்தால் அது திரும்பும். அதாவது, முழுக் கட்டணம் வராமல் போகிறவனிடம்தான். இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. வருகிறவன் வந்தால் அவன் கணக்குத் தீர்ந்தது. இதே தர்க்கத்தை எடுக்கிறவன் பக்கமும் நீட்டினால், பார்க்காமல் போன தேர்வாளன் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். இந்தச் சட்டம் வந்தால் முதலில் பணம் கட்டவேண்டியவர்களில் நானும் ஒருவன்.

இந்தப் பத்திரிகை கொண்டுவந்த புதுக் கவிதைச் சிறப்பிதழுக்குக் கவிதைகளைத் தேர்ந்தவன் நான் என்பது வாசகர்களில் பலருக்குத் தெரியும். 71 பேர் அனுப்பியிருந்தார்கள். 14 பேர் இதழில் வந்தார்கள். இந்த 14 பேரில் 10 பேர் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். அவர்கள் நல்ல கவிஞர்கள் என்று நான் இன்றும் நினைக்கிறேன். அவர்களை எடுத்ததற்காக வருத்தம் இல்லை. மற்றதைச் சொல்கிறேன். எடுக்காத 57 பேரில் பாதிப் பேருக்கு மேல், கவிதையோடு வருஷச் சந்தாவையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். சந்தா அனுப்பினால்தான் கவிதையைப் பார்ப்பார்கள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும். நாங்கள் அப்படி எங்கும் எழுதவில்லை. அப்படி இல்லை என்றும் எங்கும் எழுதவில்லை. சந்தாவை வரவு வைத்துக்கொண்டோம். இதழ் ஒழுங்காகப் போயிற்று. அவர்களும் நம் சி அணியில் இருக்கிறார்கள்.

‘பாத்தாங்களா சார்’ என்று கவுண்டர் கேட்ட அன்று ராத்திரி அந்தக் கட்டை எடுத்தேன். சின்னசேலத்திலிருந்து வந்த ஒரு உறை. பள்ளி நோட்டில் கிழித்த தாளில் ஒன்பது கவிதைகள். முதல் கவிதையின் முதல் வரியில் நிலா இருந்தது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. இப்போது ஒன்பதையும் படித்தேன். எட்டு கவிதைகள் மோசம். ஒன்பதாவது, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலை வாசலில் ராத்திரி முழுக்க எடைக்குக் காத்து நிற்கிற கரும்பு டிராக்டர்களைப் பற்றியது. அது நல்ல கவிதை என்று சொல்ல வரவில்லை. கடைசியில் ஒரு தத்துவம் வந்து கெடுத்துவிட்டது. ஆனால் நடுவில் டிரைவர் ஒருவன் டிராக்டருக்கு அடியில் படுத்துத் தூங்குகிற இடத்தை எழுதியவன் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறான். அவன் பார்த்திருக்கிறான், நான் பார்க்கவில்லை. தபால் கார்டு போதாமல் இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். எந்தெந்த வரி நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் போடமுடியாது என்று. இதுவரை பதில் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

இப்படி எழுதியவுடன் ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. கவிதையும் கபடியும் ஒன்று என்று ஆக்கி, என் குற்ற உணர்ச்சியை ஒரு பெண்ணின் தோளில் ஏற்றிவிடக்கூடாது. கவிதை 20 வருஷம் உறைக்குள் கிடக்கலாம். யாராவது ஒருத்தன் எடுத்துப் படிப்பான். கார்னரில் நிற்கிற காலுக்கு அந்த அவகாசம் கிடையாது. வயது வரம்பு இருக்கிறது. 19 தாண்டினால் கல்யாணப் பேச்சு இருக்கிறது. சி அணியில் போட்டு மாதம் 1,200 வாங்குகிறவர்கள் விற்பது பயிற்சியை மட்டும் இல்லை. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்ற நினைப்பையும் சேர்த்து விற்கிறார்கள். அந்த ஒரு வருஷம் அவளிடம் எண்ணிக்கையில் இருப்பது.

டிசம்பரில் இரண்டாவது சனிக்கிழமை. வங்கி விடுமுறை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் வளைந்து வளைந்து மேலே ஏறியது. ஏறுகிற வழியில் இரண்டு பக்கமும் காடு. மேலே போனால் மரவள்ளிக் கொல்லைகள். கவுண்டர் ரோட்டோரம் நின்றிருந்தார். உண்டு உறைவிடப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மைதானம் என்றால் செம்மண். கோடு கால் கட்டை விரலால் கிழித்தது.

நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். போன் வேலை செய்யாததும் ஒரு உதவி. 87-ஆம் நம்பர் இங்கே நம்பர் இல்லாமல் இடது கோடியில் நின்றாள். முதல் தடவை அவசரப்பட்டாள். பாடி வந்தவள் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டாவது தடவை வெகு நேரம் சும்மா நின்றாள். எனக்கே அலுப்பாக இருந்தது. வந்தவள் போனஸுக்காகக் கால் வைத்தாள். அந்தக் கால் திரும்பிப் போகவில்லை. எப்போது குனிந்தாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்கவில்லை. மண்ணிலிருந்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு எழுந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கவுண்டர் வந்தார். ‘பாத்தீங்களா சார்?’

‘பாத்தேன்.’

‘எப்பிடி?’

‘முதல் பிடிக்கு அவசரம். இடது காலில் கனம் வைத்து நிற்கிறாள், அதனால் கிளம்பத் தாமதம் ஆகிறது. இரண்டாவது பிடி நன்றாக இருந்தது.’

அவர் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் என்னைப் பார்க்காமல், ‘பி.டி. சாரும் காலைப் பத்தி அதேதான் சொல்லுவாரு’ என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். நான் சொன்னதால் அவளுக்கு எந்த அணியிலும் இடம் கிடைக்கப்போவதில்லை. என் கையில் இடம் எதுவும் இல்லை. 1,200 ரூபாய் கட்டப்போவதில்லை என்று கவுண்டர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். அரசாங்க விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பம் போடலாம் என்று பி.டி. ஆசிரியர் சொல்லியிருக்கிறார், அதைக் கம்ப்யூட்டரில் நிரப்பித் தரவேண்டியது என் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டேன்.

கடைசி பஸ்ஸில் இறங்கினேன். கச்சிராயபாளையம் வந்ததும் போனுக்கு உயிர் வந்தது. சி அணியில் இன்னும் 3 இடங்கள் மட்டுமே உள்ளன, முந்துங்கள் என்று ஒரு செய்தி காத்திருந்தது.